வழக்கை நடத்துபவரும் வழக்கேட்டை வாசிப்பவரும்: குழந்தைப் பாதுகாப்புப் பணியில் அடுத்து எங்கே போவது?

2023 இல் 1098 குழந்தை உதவி மையம் தொண்டு நிறுவனங்களின் கையிலிருந்து அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறிய பிறகு, தமிழ்நாட்டு மாவட்டங்கள் வெளியிட்ட ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்குப் பணியாளருக்கு மாதம் 18,000 ரூபாயும் மேற்பார்வையாளருக்கு 21,000 ரூபாயும் தொகுப்பூதியமாகக் குறிக்கப்பட்டிருந்தன. இடைவெளி 3,000 ரூபாய். ஒரு குழந்தையின் வழக்கை முன்னின்று நடத்துபவருக்கும், அப்படிப் பலர் நடத்தும் வழக்குகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவருக்கும் நடுவில் ஊதியப் பட்டியல் கண்ட வேறுபாடு அவ்வளவுதான். இந்தத் துறையில் ஐந்தாறு ஆண்டு களத்தில் அலைந்த ஒருவர் ‘அடுத்து என்ன’ என்று யோசிக்கத் தொடங்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்தத் தொகைதான். பலர் இதைப் பார்த்தே மேற்பார்வைப் பணி என்பது அதே வேலையில் ஒரு படி மேலே என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது தவறான முடிவு. இரண்டும் இரண்டு வேறு தொழில்கள். ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றிலும் தேர்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராகச் சில ஆண்டுகளும், பின்னர் ஒரு தொண்டு நிறுவனத்தில் குழு ஒருங்கிணைப்பாளராகச் சில ஆண்டுகளும் இருந்தவன். சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் முடித்து, களத்தில் சில ஆண்டுகள் கழித்து, இப்போது வாசலில் நிற்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு: வழக்குப் பணியிலேயே நிலைத்து நிற்பது, ஒரு குழுவின் மேற்பார்வையாளர் ஆவது, தேர்வு எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஆவது, காலம் வரும்போது, இத்தகைய குழந்தைகளின் வழக்குகளில் ஆணையிடும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக அமர்வது. இவற்றில் முதல் இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் குழப்பம் அங்கேதான்.

வழக்குப் பணியின் உடல்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இந்தப் பணிக்கு ஒரு கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை கண்டெடுக்கப்பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். முதன்முதலாக நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வழிசெய்யவே அந்தப் பதினைந்து நாள். இந்தக் கெடுக்களுக்குள் வழக்குப் பணியாளர் செய்வதைக் காகிதத்தில் பார்த்தால் மிக எளிது: வீட்டுக்குப் போவது, பள்ளிக்குப் போவது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, படிவம் 22 ஐ நிரப்புவது. ஆனால் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒரு திறமைதான் இந்தத் தொழிலின் சாரம்.

ஒரு வைகாசி மாதக் கடைசியில் எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது: பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ஆடிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வைகாசியிலும் ஆனியிலும் இத்தகைய அழைப்புகள் கூடுவதை இந்தப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள். என்னுடன் வந்த சக பணியாளர் பதினொரு ஆண்டு அனுபவமுள்ள அக்கா. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் மறுத்தார்கள். பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். நான் குறிப்பேட்டை மூடப் போனேன். அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்டு, அதை வாங்கும் சாக்கில் அடுக்களை வாசல் வரை போய் நின்றார். தை மாதம் போய் நான்கு மாதம் ஆன பிறகு அந்த வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுக்களை மூலையில் சாக்குப் போட்டு மூடிய எவர்சில்வர் பாத்திரங்கள் இருந்தன. சாக்கு விலகியிருந்த ஓர் அண்டாவின் விளிம்பில் அந்தப் பெண்ணின் பெயரும், அதற்குக் கீழே மூன்று வாரம் கழித்து வரப்போகும் ஒரு தேதியும் வெட்டப்பட்டிருந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, “அண்டா எங்க வாங்குனீங்கம்மா, நல்லா கனமா இருக்கே” என்று மட்டும் கேட்டார். அந்தத் தாய் அழத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கியது.

இந்தக் கண் மூன்றாம் ஆண்டில் வருவதில்லை. ஏழெட்டு ஆண்டில் வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. நம் ஊதியக் கட்டமைப்பில் இதற்கு மதிப்பு கிடையாது என்பதுதான் வழக்குப் பணியின் முதல் குறை. மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி விதிமுறைப்படி மாவட்ட அலகில் சமூகப் பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். நேற்றுச் சேர்ந்தவருக்கும் பத்து ஆண்டு முடித்தவருக்கும் அநேகமாக ஒரே தொகை. பணி ஒப்பந்த அடிப்படையிலானது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் இருக்கிற மனநிலையை விவரிக்க வேண்டியதில்லை. மூத்த வழக்குப் பணியாளர் என்ற ஒரு பதவியை உருவாக்கி, அதற்கு மேற்பார்வையாளருக்கு நிகரான ஊதியம் வைத்திருந்தால், பாதிப் பேருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. நல்ல வழக்குப் பணியாளர்கள் பலர் மேற்பார்வைக்குப் போவது மேற்பார்வை பிடித்ததால் அன்று. வீட்டு வாடகை ஏறியதால்.

இன்னொரு குறையும் உண்டு, அதை வெளியே சொல்வதற்குக்கூட வழியில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அச்சட்டத்தின் 74 ஆம் பிரிவு தடுக்கிறது. மிகச் சரியான தடை. ஆனால் அதன் பக்கவிளைவாக, இந்தப் பணியில் ஒருவர் செய்த சிறந்த வேலை எதுவும் அவருடைய விண்ணப்பத்தில் இடம்பெறாது. பொறியாளர் தான் கட்டிய பாலத்தைக் காட்டலாம். நீங்கள் உடையாமல் காத்த குடும்பத்தை யாருக்கும் காட்ட முடியாது, வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோகூடப் பெயர் சொல்லிப் பேச முடியாது. போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள்) வழக்குகளில் ஆதரவு நபராகச் செல்பவர்களுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். குழந்தையின் சாட்சியத்தை, நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றும், விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தாக்கள் நீளும்போது, அந்தக் குழந்தையோடு ஒவ்வொரு முறையும் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

இவ்வளவையும் தாண்டி வழக்குப் பணியில் தங்கிவிடச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. முடிவு உங்கள் கண்ணெதிரே நடக்கிறது. நீங்கள் எழுதிய ஒரு வரியால் ஒரு சிறுவன் குழந்தைகள் இல்லத்துக்குப் போகாமல் பாட்டி வீட்டுக்குப் போகிறான். மூன்று மாதம் கழித்துப் பின்தொடர் கண்காணிப்புக்குப் போகும்போது அவன் சைக்கிளில் எதிரே வருகிறான். இதற்காகவே வந்தவர் என்றால், மேற்பார்வையாளர் நாற்காலி உங்களுக்குத் தண்டனையாகத்தான் இருக்கும்.

மேற்பார்வை என்பது என்ன வேலை

மேற்பார்வையாளரின் வேலையைச் சம்பளப் பட்டியலோ ஆட்சேர்ப்பு அறிவிப்போ விளக்குவதில்லை. வருகைப் பதிவேடு, பணிமுறை ஒதுக்கீடு, மாதாந்திர அறிக்கை, ஆய்வுக் கூட்டத்துக்கான எண்ணிக்கைகள் என்று ஒரு பட்டியல் கையில் வரும். அவற்றை மட்டும் செய்தாலும் பதவியில் நீடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் பல இடங்களில் மேற்பார்வை என்ற பெயரில் எழுத்தர் வேலைதான் நடக்கிறது.

உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பொறுப்பேற்று ஆறு மாதம் ஆகியிருந்தபோது என் மேசைக்கு ஒரு சமூக விசாரணை அறிக்கை வந்தது. டீக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். ‘தாய் ஒத்துழைக்கவில்லை, குழந்தையைப் பராமரிக்கும் ஆர்வம் இல்லை, இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று முடிந்திருந்தது. எழுதியவர் நேர்மையானவர், உழைப்பாளி. எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த மேடம் ஓய்வு பெற்ற பின்பும் வாரம் ஒருநாள் வந்து எங்கள் கோப்புகளைப் பார்ப்பார். அன்று அவரும் இருந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு அந்தத் தம்பியைக் கூப்பிட்டார்.

“இந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப்பா போனே?”

“பதினொரு மணி இருக்கும் மேடம். ரெண்டு தடவை பூட்டியிருந்துச்சு. மூணாவது தடவை இருந்தாங்க, ஆனா உள்ளகூடக் கூப்பிடல. வாசல்லயே நின்னு பேசி அனுப்பிட்டாங்க.”

“அந்தம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்கன்னு முதல் பக்கத்துல நீயே எழுதியிருக்கே. பகல் பதினொரு மணிக்கு வீட்டுல இருந்தாங்கன்னா அன்னைக்கு வேலைக்குப் போகல. ஏன் போகலன்னு கேட்டியா?”

அவர் கேட்கவில்லை. நானும் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்திருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவர் மீண்டும் போனார். அந்தத் தாய் சாரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்து மூன்று வாரமாகக் கூலி இல்லாமல் இருந்தார்; பையன் டீக்கடைக்குப் போகத் தொடங்கியது அந்த மூன்று வாரத்துக்குள்தான். வீட்டுக்குள் கூப்பிடாததன் காரணம், உட்காரச் சொல்லிக் கொடுக்க ஒரு வாய் காபி இல்லாத கூச்சம். பரிந்துரை மாறியது. மாதம் 4,000 ரூபாய் வழங்கும் நிதி ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பம் போயிற்று. ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பங்களுக்கானது அது. பையன் அம்மாவோடு இருந்தான். குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்ற சட்டத்தின் கொள்கையை நாங்கள் எல்லோரும் பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம். அன்று அதை நடைமுறைப்படுத்தியது ஒரே ஒரு கேள்வி.

மேற்பார்வை என்பது இதுதான். போகாத வீட்டை, போனவரின் எழுத்து வழியாகப் பார்ப்பது. அவர் பார்க்கத் தவறியதை அவர் மனம் நோகாமல் அவரையே பார்க்க வைப்பது. வீட்டுக்குள் அண்டாவைக் கண்டுபிடிக்கும் கண் வேறு, காகிதத்தில் பதினொரு மணியைக் கண்டுபிடிக்கும் கண் வேறு. மேலே சொன்ன அக்காவை ஒருமுறை மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். அவர் மற்றவர்களின் அறிக்கையைப் படிக்கப் பொறுமையின்றி, சந்தேகம் வந்தபோதெல்லாம் தானே பேருந்து ஏறிப் போய்விடுவார். குழந்தைகளுக்கு நன்மைதான். ஆனால் குழுவில் இருந்த நான்கு பேரும் ஓராண்டில் ஒன்றும் கற்கவில்லை. தங்கள் வேலையை நம்பவில்லை என்ற வருத்தம் மட்டும் மிஞ்சியது. அவரே கேட்டுக்கொண்டு பழைய பணிக்குத் திரும்பினார். அதைப் பதவி இறக்கமாகப் பார்த்தவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, நானும் படவில்லை.

மேற்பார்வை சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று லண்டனில் உண்டு. 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பராமரிப்பாளர்களின் கொடுமையால் இறந்தாள். பல துறைகளின் பார்வையில் இருந்த குழந்தை அவள். 2003 இல் வெளியான லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 108 பரிந்துரைகளை முன்வைத்தது. களத்தில் நின்ற பணியாளர்களின் பிழைகளைச் சுட்டியதோடு நில்லாமல், அவர்களுக்கு மேலிருந்தவர்கள் பொறுப்பிலிருந்து நழுவியதை அது கடுமையாகச் சாடியது. அதன் பரிந்துரைகளில் ஒன்று எளிமையானது: குழந்தைகளுடன் நேரடியாகப் பணிபுரிபவரின் வழக்கேட்டை மேற்பார்வையாளர் குறிப்பிட்ட இடைவெளியில் வாசித்து, பரிசீலித்து, கையொப்பமிட வேண்டும். வாசித்து என்ற சொல்லை ஓர் அரசு விசாரணை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். வாசிக்காமல் கையொப்பமிடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான் போலும்.

கையொப்பம் என்பதால் பயமும் இங்கே வேறு வகையானது. வழக்குப் பணியாளராக இருந்தபோது என் பயங்களுக்கு முகம் இருந்தது: இந்தக் குழந்தை, இந்த மாமா, இந்த இரவு. மேற்பார்வையாளரான பிறகு முகமே தெரியாத நாற்பது குழந்தைகளுக்காகப் பயந்தேன். இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். காவல் நிலையத்தில் ஒரு சிறுமியோடு உட்கார்ந்திருக்கும் இளம் பணியாளர், ஆய்வாளர் வாக்குமூலம் வாங்க அவசரப்படுத்துவதாகச் சொல்வார். போக்சோ சட்டத்தின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது. இது அந்தப் பணியாளருக்கும் தெரியும். தெரிந்ததை ஓர் ஆய்வாளரிடம் சொல்வதற்குத் தேவைப்படும் குரலை மேற்பார்வையாளர் தொலைபேசி வழியாகக் கொடுக்க வேண்டும். அந்த 3,000 ரூபாய் உண்மையில் இதற்கான ஊதியம்.

அரசா, தொண்டு நிறுவனமா

மேற்பார்வைதான் என்று முடிவு செய்தவருக்கு அடுத்த கேள்வி இடம் பற்றியது. 1996 இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களத் திட்டமாகத் தொடங்கி 1098 உதவி எண்ணை நடத்திவந்த சைல்டு லைன், ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தொண்டு நிறுவனங்களின் வலையமைப்பாகவே வளர்ந்தது. இன்று மூத்தவர்களாக இருக்கும் குழுத் தலைவர்களில் பலர் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். 2023 மாற்றத்தோடு அந்தப் படிக்கட்டு மறைந்தது. இன்னொரு பக்கம், 2020 இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெற்ற நன்கொடையை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்தது. பெரிய நிறுவனத்திடமிருந்து நிதி பெற்று இயங்கிய சிறிய மாவட்ட அமைப்புகள் இதனால் சுருங்கின. இருக்கும் இடங்களிலும் ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் ஒருவரே குழுவையும் பார்த்து, பதினைந்து வழக்குகளையும் சுமந்து, நன்கொடையாளருக்கு அறிக்கையும் எழுதுகிறார். அப்படி இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும் என்பது என் சொந்தக் கணக்கு. வழக்கு அவசரமானது என்பதால் எப்போதும் வழக்கே வெல்லும், மற்றவர்களின் கோப்புகள் மேசையில் தூங்கும்.

இருந்தாலும் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு மேன்மை உண்டு: குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நேர்முகத்தில் யாரைச் சேர்ப்பது என்பதில் உங்கள் சொல்லுக்கு இடமிருக்கும். வாரம் ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு வழக்குகளைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று நீங்களே முடிவு செய்யலாம். அரசு அலகில் அந்த இரண்டு மணி நேரத்தை ஏதேனும் ஒரு கூட்டமோ, மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஒரு புள்ளிவிவரமோ தின்றுவிடும். ஆனால் அரசு அலகில் இருப்பவர் வட்டாட்சியரை அழைத்தால் அவர் எடுத்துப் பேசுவார். நிறுவனத்திலிருந்து அழைப்பவர் முதலில் தான் யார் என்று விளக்க வேண்டும். குழு சிறப்பாக அமைய வேண்டும் என்பவர் நிறுவனத்தையும், கதவு விரைவாகத் திறக்க வேண்டும் என்பவர் அலகையும் தேர்வது இயல்பு. நான் நிறுவனத்தைத் தேர்ந்தேன், வருத்தமில்லை; மாதக் கடைசியில் மட்டும் சற்று உண்டு.

அலுவலர் நாற்காலியும் குழுவின் இருக்கையும்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பதவி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக நிரப்பப்படுகிறது. நிரந்தரப் பணி, அரசு ஊதிய விகிதம், ஓய்வுக் காலப் பாதுகாப்பு; குடும்பப் பொறுப்புள்ளவருக்கு இதைவிட உறுதியான வழி இந்தத் துறையில் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இது குழுத் தலைமை என்பதைவிட நிர்வாகம். இல்லங்களின் பதிவு, ஆய்வுக் குழுவின் வருகை, நிதி விடுவிப்பு, காலிப் பணியிடம், ஆட்சியரின் ஆய்வுக் கூட்டம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு கூடியிருப்பதால் கடைசியாகச் சொன்னது முன்னைவிட முக்கியம். களத்திலிருந்து போகும் ஒருவர் இந்த நாற்காலியில் நிறைய செய்யலாம். பதிவில்லாமல் இயங்கும் ஓர் இல்லத்தை மூடச் செய்வதால் காக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை, ஒரு வழக்குப் பணியாளர் பத்தாண்டில் தொடக்கூடிய எண்ணிக்கைக்கு இணையாக இருக்கலாம். என்றாலும் குழந்தைகளின் முகம் தெரியாத நாள்களே அதிகம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: வயது வரம்பையும் கல்வித் தகுதியையும் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள், நண்பர்களின் வாட்ஸ்அப் செய்தியில் பார்க்காதீர்கள்.

குழந்தைகள் நலக் குழு முற்றிலும் வேறு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமர்வு அது. அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. மாதம் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். மத்திய மாதிரி விதிகள் உறுப்பினருக்கு 35 வயதை அடிவரம்பாக வைத்திருக்கின்றன; சட்டம் சமூகப் பணி, சட்டம், குழந்தை உளவியல் போன்ற துறைகளில் பட்டத்தையும், அதோடு குழந்தைகள் தொடர்பான உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழு ஆண்டு ஈடுபாட்டையோ அத்துறையில் தொழில் செய்வதையோ எதிர்பார்க்கிறது. நியமனம் மூன்றாண்டுக்கு. அமர்வுப் படி மட்டுமே. 2016 மாதிரி விதிகள் அதை ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய்க்குக் குறையாமல் என்று வைத்தன. எனவே இதை ஒரு தொழிலாகக் கொள்ள முடியாது, வேறு வருமானம் இருப்பவருக்கான பொறுப்பாகவே கொள்ள வேண்டும். பலர் அறியாத ஒரு முடிச்சும் இருக்கிறது: 2022 இல் திருத்தப்பட்ட மாதிரி விதிகள், வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனத்தோடு தொடர்புடையவரை உறுப்பினராக ஏற்பதில்லை. ஆகவே தொண்டு நிறுவனக் குழுத் தலைமையையும், பிற்காலத்தில் நலக் குழு உறுப்பினர் பதவியையும் ஒரே பாதையின் இரண்டு நிறுத்தங்களாகக் கருதித் திட்டமிட்டால் நடுவில் ராஜினாமாக் கடிதம் ஒன்று வரும்.

வெளிநாட்டு வாய்ப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். பிரிட்டனில் பணிபுரிய அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற வேண்டும். ஊதியம் ஒப்பிடவே முடியாத அளவு கூடுதல், மேற்பார்வை எழுத்திலேனும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் வைகாசி மாதத்துச் சுண்ணாம்பை வாசிக்கத் தெரிந்த கண் அங்கே முதலாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு மனம் இருந்தால் போகலாம்.

எப்படித் தீர்மானிப்பது

ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவான களப்பணியோடு மேற்பார்வைக்குப் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. போகாத வீட்டைக் காகிதத்தில் பார்க்க வேண்டுமென்றால், போன வீடுகளில் குறைந்தது நூறேனும் நினைவில் இருக்க வேண்டும். அதற்கு மேல், ஒரு சிறு சோதனையைப் பரிந்துரைப்பேன். இப்போதிருக்கும் இடத்திலேயே, சக பணியாளர் இருவரின் அறிக்கைகளை, அவர்கள் சம்மதத்தோடும் மேலாளரின் அனுமதியோடும், மூன்று மாதம் படித்துப் பாருங்கள். ஓர் அறிக்கையைப் படித்ததும் ‘நானாக இருந்தால் இப்படிச் செய்திருப்பேன்’ என்று தோன்றுகிறதா, ‘இவர் இதை ஏன் கேட்கவில்லை’ என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள். முதல் வகை எண்ணமே ஓயாமல் வந்தால் நீங்கள் பிறவி வழக்குப் பணியாளர். களத்திலேயே இருங்கள், பாதுகாப்பு அலுவலர் பணியிடத்துக்கு விண்ணப்பித்து ஊதியத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாம் வகை வந்தால், அதுவும் அந்தக் கேள்வியைக் கேட்டபின் எதிரிலிருப்பவர் முகம் சுருங்காமல் அடுத்த நாள் மீண்டும் தானாகவே உங்களிடம் கோப்பைக் கொண்டுவந்தால், மேற்பார்வைக்குப் போங்கள்.

நேர்முகத்துக்குப் போகிறவர்கள் அங்கே தாங்களும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மேற்பார்வையாளர் தனிப்பட்ட முறையில் எத்தனை வழக்குகளைச் சுமக்க வேண்டும்? மேற்பார்வையாளரை மேற்பார்வை செய்பவர் யார்? முதல் கேள்விக்கு எண்ணிக்கையாகப் பதில் வராவிட்டாலும், இரண்டாவது கேள்விக்கு ஒரு பதவிப் பெயர் மட்டும் வந்து, அவர் மாதம் எத்தனை முறை உட்கார்ந்து பேசுவார் என்பது வராவிட்டாலும், அந்த இடத்தில் நீங்கள் தனியாக இருப்பீர்கள் என்று பொருள்.

இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்பும் முன் அனுபவச் சான்றிதழை, பணியாற்றிய தேதிகளோடும் பதவிப் பெயரோடும், அலுவலக முத்திரையோடு வாங்கி வையுங்கள். 2023 இல் சைல்டு லைன் அலகுகள் கைமாறியபோது, எட்டு ஆண்டு இரவு பகலாக வேலை செய்த நண்பர் ஒருவருக்குக் கையில் கிடைத்தது ஓர் அடையாள அட்டை மட்டும்தான். புதிய பணிக்கான நேர்முகத்தில் அதன் நகலைத்தான் இணைத்தார்.